கப்பலைக் கட்டிய காகிதம்

அத்தியாயம் 14

கப்பல் கிளம்பத் தயாராகிறது என்பது தனாசேவுக்கு முதலில் காலில்தான் தெரிந்தது. கொன்ஸ்டான்சா துறைமுகத்தின் எண்பத்து நாலாம் மேடையில், பூட்ஸுக்கு அடியில் சிமெண்ட் தரை லேசாக நடுங்க ஆரம்பித்தது. உள்ளே எஞ்சினைச் சூடு பண்ணுகிறார்கள். அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

முப்பது வருஷமாகக் கப்பல் வடத்தைக் கரையில் வாங்கி இரும்புக் குற்றியில் மாட்டுவதும் கழற்றுவதும்தான் அவன் பிழைப்பு. ஆனாலும் ஒவ்வொரு கப்பலையும் அண்ணாந்து பார்க்கும்போது அவனுக்கு நெஞ்சு ஒரு கணம் நின்றுதான் ஓடும். மனுஷன் செய்த பொருள் இத்தனை பெரிதாக இருக்கலாமா என்று தோன்றும். 'ஆஸ்ட்ரா கொர்வினா' நூற்றுத் தொண்ணூறு மீட்டர் நீளம். வந்த அன்று ஏழு மாடி உயரத்துக்கு நின்றது. இப்போது வயிற்றில் முப்பதாயிரம் டன் மக்காச்சோளத்தோடு, தின்றுவிட்டுப் படுத்த மாடு மாதிரி தண்ணீரில் அமிழ்ந்து கிடந்தது.

இந்தக் கப்பல்தான் அவன் தங்கை புருஷனின் காலைத் தின்றது.

நடந்தது இதுதான். போன மார்ச் பதினொன்றாம் தேதி விடிகாலை, பிரேசிலில் ஒரு துறைமுகத்தில், கப்பலின் மேல்தள மேஸ்திரியான லாம்பே வடம் கட்டிக்கொண்டிருந்தபோது வடம் அறுந்தது. அறுந்த வடம் சாட்டை மாதிரி திரும்பி வந்து அவன் இடது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டு போய்விட்டது. கம்பெனி மூன்று மாதம் ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டது. பிறகு கடிதங்களுக்குப் பதில் இல்லை. கம்பெனி என்று போய் நிற்கக் கட்டடமும் இல்லை; ஏதோ ஒரு தீவில் ஒரு தபால் பெட்டி, அவ்வளவுதான். அதற்கு இருக்கிற ஒரே சொத்து இந்தக் கப்பல். அதுவும் இந்தப் பயணத்தோடு சரி. எகிப்தில் சோளத்தை இறக்கிவிட்டு நேரே பழைய கப்பல்களை உடைக்கிற கரைக்குப் போகிறது என்று வக்கீல் மினோடோரா விசாரித்துச் சொல்லியிருந்தாள்.

"கடல் சட்டத்துல ஒரு விஷயம் இருக்கு" என்று அவள் போன வாரம் லாம்பேயின் சமையலறையில் உட்கார்ந்து சொன்னாள். "காயம் பட்டவனோட உரிமை முதலாளிய மட்டும் புடிச்சிக்கிட்டு நிக்காது. கப்பல் மேலயே ஒட்டிக்கிட்டு வரும். அடிப்பாகத்துல சிப்பி ஒட்டின மாதிரி. கப்பலை யாருக்கு வித்தாலும் கூடவே போகும்."

"உடைச்சுட்டா?" என்று கேட்டது லாம்பே.

"உடைச்சுட்டா, ஒட்டிக்கிட இடமில்ல."

அதனால்தான் இன்றைக்கு அவன் மனைவி டெஸ்பினா நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, வக்கீலோடு மேலே ஊருக்குள் நீதிமன்றத்தில் நிற்கிறாள். கப்பலை ஜப்தி செய்ய உத்தரவு கேட்டு மனு. அவள் அண்ணன் தனாசே கீழே மேடையில் நிற்கிறான். அவன் கழற்ற வேண்டிய வடம், அதே கப்பலின் வடம்.

"என்னய்யா, மொறைச்சா பயந்துபோய் நின்னுடுமா?" ஜாஃபர் சூரியகாந்தி விதையின் தோலைத் துப்பினான். தாத்தார்க்காரன், பதினேழு வருஷமாகக் கூட வேலை செய்கிறவன். இவன் வாயில் விதையும் நக்கலும் ஒரே நேரத்தில் அரைபடும்.

"மணி என்ன?"

"போன தடவை நீ கேட்டதுக்கப்புறம் நாலு நிமிஷம் ஆயிருக்கு. பன்னெண்டே முக்கால்."

ரேடியோ கரகரத்தது. மேற்பார்வையாளர் மித்ரோஃபானின் குரல். "தனாசே, ஜாஃபர், பின்பக்கம் உங்களுது. கப்பலை வெளிய கொண்டுபோற பைலட் ஒன்றரைக்கு ஏறுறாரு. இழுவைப்படகு ரெண்டு வருது. சீக்கிரம் அவுத்து விட்டுடுங்க, பின்னால இன்னொரு கப்பல் காத்துக்கிட்டு நிக்குது."

"சரி" என்றான் தனாசே.

ஜாஃபர் அவனைப் பார்க்காமல் சொன்னான். "வயித்து வலின்னு சொல்லிட்டுப் போயிடு. நான் ஒருத்தனே அவுத்துடுவேன்."

"நீ அவுத்தா மட்டும் கப்பல் போகாதா?"

"போகும். ஆனா உன் கையால போகாதுல்ல."

தனாசே பதில் சொல்வதற்குள் சட்டைப்பையில் போன் துடித்தது. டெஸ்பினா. அவள் குரல் நீதிமன்ற வராண்டாவின் எதிரொலியோடு கீழே இறங்கி வந்தது.

"அண்ணே, பத்து நிமிஷம் இடைவேளை விட்டிருக்காங்க. கம்பெனிக்காரன் வக்கீல் ஒரு தாளக் கொண்டாந்து வச்சிருக்கான். வேலை நேரம், ஓய்வு நேரம்னு கட்டம் கட்டமா போட்ட தாளு. கறுப்பு கட்டம் வேலை, வெள்ளை கட்டம் ஓய்வாம். அன்னிக்கு விடிகாலை நாலு இருபதுக்கு வெள்ளையா இருக்கு. உன் மச்சான் தூங்கிக்கிட்டிருந்தாரு, யாரும் கூப்பிடாம தானா எழுந்து வந்து வடத்துக்கு நடுவுல நின்னாருங்கறான். கீழே அவரு கையெழுத்து. நான் பாத்தேன். அவரு கையெழுத்துதான்."

"வக்கீலம்மா என்ன சொல்றாங்க?"

"அவங்க மொகம் செத்துப் போச்சு. ஜட்ஜு அந்தத் தாளையே பாத்துக்கிட்டிருந்தாரு. ஏண்ணே, அவரு தூங்கிக்கிட்டா இருந்தாரு?"

"இரு. கேட்டுச் சொல்றேன்."

லாம்பே மூன்றாவது மணியில் எடுத்தான். பின்னால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்ப்பதில்லை, வீடு சும்மா கிடக்கக் கூடாது என்று போட்டு வைப்பான்.

"மச்சான், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. அன்னிக்கு நாலு மணிக்கு நீ வேலையிலயா, தூக்கத்துலயா?"

"தூங்கிக்கிட்டே வடம் இழுக்க நான் என்ன சர்க்கஸ்காரனா? முந்தின நாள் காலையில ஏழு மணிக்கு எழுந்தவன். இருபத்தோரு மணி நேரம் நின்னிருந்தேன்."

"அப்ப ஓய்வுத் தாள்ல உன் கையெழுத்து எப்படி வந்துச்சு?"

தொலைக்காட்சியில் யாரோ கைதட்டினார்கள். லாம்பே அதை அணைத்தான்.

"அது, ஒண்ணாந் தேதியே போட்டுடறது."

"எந்த ஒண்ணாந் தேதி?"

"மாசத்தோட ஒண்ணாந் தேதிதான். மத்தியானம் சூப் குடிச்சு முடிச்சதும் துணைக் கேப்டன் அடுக்காக் கொண்டாந்து வைப்பான். மாசம் முழுக்கக் கட்டம் நெரப்பி இருக்கும். எட்டு மணி நேரம் வேலை, மிச்சம் ஓய்வு, ரொம்ப அழகா. துறைமுகத்துல அதிகாரி வந்து கேட்டா காட்டறதுக்கு. வரிசையா நின்னு போட்டுட்டுப் போவோம். சமையல்காரன் வரைக்கும். எல்லாக் கப்பல்லயும் அப்படித்தான் மச்சான், இது ஒண்ணும் புதுசில்ல."

"படிச்சுப் பாக்க மாட்டியா?"

"எதைப் படிக்க? நடக்காத நாளையா?"

தனாசேவுக்குத் திட்டு வாய்வரை வந்தது. ஆனால் திட்டுக்கு முன்னால் வேறொன்று வந்து நின்றது. அவன் அதிகம் படித்தவன் இல்லை. ஒன்றைப் புரிந்துகொள்ள அதை இரண்டு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்க்க வேண்டும். மாசம் முழுக்க. மாசம் முழுக்க.

"மச்சான், மாசம் முழுக்கன்னா, முப்பத்தொண்ணு வரைக்குமா?"

"ஆமா. ஏன்?"

அவன் போனை வைத்துவிட்டுத் தங்கையைக் கூப்பிட்டான்.

"டெஸ்பினா, அந்தத் தாளோட நகல் கையில இருக்கா? பதினொண்ணாந் தேதியோட நிக்குதா, கீழே வரைக்கும் போகுதா?"

காகிதம் சரசரத்தது. "போகுதுண்ணே. முப்பத்தொண்ணு வரைக்கும் இருக்கு."

"பதினொண்ணுக்குக் கீழே கறுப்புக் கட்டம் இருக்கா?"

"இருக்கு. பன்னெண்டுல இருக்கு. பதிமூணுல..." அவள் குரல் நின்றது. பிறகு, ஏதோ கோயிலில் நின்று பேசுகிறவள் மாதிரி மிக மெதுவாகச் சொன்னாள். "பத்தொன்பதாந் தேதி காலையில எட்டுலருந்து பன்னெண்டு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். அப்புறம் அஞ்சு வரைக்கும் வேலை. அண்ணே, பத்தொன்பதாந் தேதி அவருக்கு ரெண்டாவது தடவை அறுத்தாங்க. போன்ல நான் பாத்துக்கிட்டிருந்தேன். என் புருஷன் மயக்கத்துல கெடந்தாரு."

"போ. உள்ளே போய்ச் சொல்லு."

அவள் போய்விட்டாள். போனை அணைக்கக்கூட இல்லை. செருப்புச் சத்தம் ஓடுவதும், ஒரு கதவு திறப்பதும் கேட்டு, பிறகு யாரோ அதட்ட, துண்டித்தது.

கேட்டுக்கொண்டிருந்த ஜாஃபர் வாயிலிருந்த விதையை விழுங்கிவிட்டான். "பொய் சொன்னவன் பதினொண்ணோட நிறுத்தியிருக்கலாமே."

"பொய் சொல்றதா அவங்க நெனைக்கவே இல்லடா. அதுதான் விஷயம். அது அவங்களுக்கு வழக்கம்."

ஒன்று நாற்பதுக்கு இழுவைப்படகுகள் இரண்டும் கப்பலோடு ஒட்டிக்கொண்டன. ஏணி மேலே போயிற்று. முன்பக்கத்தில் இருந்த ஆட்கள் மளமளவென்று வடங்களைக் கழற்ற ஆரம்பித்தார்கள். பின்பக்கம் நாலு வடம், குறுக்கே இழுத்துக் கட்டிய வடம் ஒன்று, ஆக ஐந்து. நீதிமன்றத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை.

"பின்பக்கம், அவுத்து விடுங்க" என்றது ரேடியோ.

தனாசே முதல் குற்றிக்குப் பக்கத்தில் போனான். வடத்தைப் பார்த்தான். காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது. கப்பலை மேடையிலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தது. வடம் விறைத்து, நார் நாராகத் தண்ணீர் பிழிந்துகொண்டு நின்றது. அவன் தொடைப் பருமன் இருந்தது. இதேபோன்ற ஒன்றுதான் லாம்பேயின் காலைக் கொண்டுபோனது.

அவன் இரண்டு அடி பின்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

காவல் கொட்டகைச் சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. பாரம் இருக்கும் வடத்தை யாரும் தொடக் கூடாது. முழுசாகத் தளர்ந்து தொங்கிய பிறகே கழற்ற வேண்டும். இந்தத் துறைமுகத்தில் அந்தப் பலகையைப் பார்த்து யாரும் வேலை செய்ததில்லை. அரை அடி விட்டுக் கொடுத்தால் போதும், பாய்ந்து உருவி எறிந்துவிடுவார்கள். கேப்டன்களுக்கு அவசரம், மேற்பார்வையாளருக்கு அவசரம், அந்த அவசரத்தில்தான் தனாசேவும் முப்பது வருஷம் ஓட்டியிருக்கிறான்.

கப்பலின் பின்தளத்தில் ஒரு அதிகாரி கையை வீசினான். எடு, எடு. தனாசேவும் கையை வீசினான். தளர்த்து, தளர்த்து.

"பின்னால என்ன நடக்குது?" ரேடியோ.

"வடம் தளரலைங்க. பாரம் நிக்குது."

"அதுக்கென்ன, எப்பவும் போல உருவி விடு."

"பலகையில எழுதியிருக்குங்களே."

ரேடியோ சற்று யோசித்தது. "எந்தப் பலகை?"

ஜாஃபர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். "வருஷக்கணக்கா மித்ரோஃபான் அது மேலதான் தன் கோட்டு மாட்டுறாரு. அதான் படிக்க முடியலை."

இழுவைப்படகைக் கூப்பிட்டு, கப்பலை மேடைப் பக்கம் தள்ளச் சொல்லி, வடம் சுற்றும் வின்ச்சைப் பின்னால் ஓட்டி, வடம் தொங்கிய பிறகுதான் தனாசே தொட்டான். ஒரு வடத்துக்கு ஆறு நிமிஷம். இரண்டாவதற்கு ஏழு. மேலே அதிகாரி கத்திக் கத்தி ஓய்ந்து போனான். தனாசேவுக்குள் விசித்திரமான ஒரு அமைதி இறங்கியது. அவன் யாரையும் ஏமாற்றவில்லை. செய்யச் சொன்ன வேலையை, எழுதி வைத்தபடியே, வாழ்க்கையில் முதல்முறையாகச் செய்துகொண்டிருந்தான். பிரேசிலில் அன்றைக்கு யாராவது ஒருத்தன் இப்படி ஆறு நிமிஷம் நின்றிருந்தால் லாம்பே இன்றைக்கு இரண்டு காலில் நடந்து போய் ரொட்டி வாங்கிவருவான்.

மூன்றாவது வடம் தண்ணீரில் விழுந்தபோது போன் அடித்தது.

"கெடச்சிடுச்சுண்ணே." டெஸ்பினா அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. "ஜட்ஜு அந்த வக்கீலையே பத்தொன்பதாந் தேதி வரியைச் சத்தமாப் படிக்கச் சொன்னாரு. அவன் படிச்சான். படிச்சு முடிச்சதும் ஜட்ஜு உத்தரவு போட்டுட்டாரு. அது கோர்ட் அமீனா கையில இருக்கு. கார்ல வந்துட்டிருக்கோம். அஞ்சாம் வாசல்ல தானிய ரயில் குறுக்க நிக்குது."

"துறைமுக ஆபீசுக்குச் சொன்னீங்களா?"

"ஃபேக்ஸ் போயிருக்காம். எடுத்துப் படிக்க வேண்டிய ஆளு சாப்பிடப் போயிருக்காராம். வக்கீலம்மா போன்ல அவரத் தேடிக்கிட்டிருக்காங்க. கப்பல் இருக்குல்ல?"

"ரெண்டு வடத்துல இருக்கு."

நாலாவது போயிற்று. ஐந்தாவது, குறுக்கு வடம், மேடையோடு கப்பலைப் பிடித்துக்கொண்டிருந்த கடைசிப் பிடி. இழுவைப்படகு நுரை கக்கித் தள்ளியது. வின்ச் சுற்றியது. வடம் இளகி, வளைந்து, தண்ணீரைத் தொட்டுத் தொங்கியது. முழுசாகத் தளர்ந்துவிட்டது. பலகையில் எழுதியபடியே.

ஜாஃபர் அவனைப் பார்த்தான். மேலே அதிகாரி பார்த்தான். இனி நிற்க ஒரு காரணமும் இல்லை. இன்னும் நின்றால் அது பொய்.

வடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஒரு மனுஷனின் கனத்துக்கு இது நிற்கிற பொருளா? அவன் குனிந்தான். ஈரமான வட வளையத்துக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்து, இடுப்பில் பாரத்தை வாங்கி, குற்றியின் தலைக்கு மேலே தூக்கி, விட்டான். அது வழுக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் விழுந்தது.

கப்பல் கரையை விட்டது.

முதலில் ஒரு கை அகலம். அப்புறம் ஒரு கதவு அகலம். மேடைக்கும் கப்பலுக்கும் நடுவில் பச்சைத் தண்ணீர் அகலமாகிக்கொண்டே போயிற்று. அத்தனை பெரிய பொருள் சத்தமே இல்லாமல் விலகுவதைப் பார்க்கும்போது கப்பல் நிற்பது போலவும் பூமிதான் நகர்வது போலவும் இருக்கும். தனாசேவின் கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்கின. லாம்பேக்கு என்ன சொல்வது என்று யோசித்தான். நான் விதிப்படி அவுத்தேன் மச்சான் என்றா?

"அங்க பாரு" என்றான் ஜாஃபர்.

சோளக் கிடங்குகளுக்கு நடுவிலிருந்து மூன்று பேர் ஓடி வந்தார்கள். முன்னால் டெஸ்பினா, நல்ல கோட்டு முழுக்க மசி. நின்ற ரயிலின் பெட்டிகளுக்கு நடுவில் புகுந்து ஏறி இறங்கி வந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் செருப்பைக் கையில் பிடித்தபடி மினோடோரா. கடைசியில், தோல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வழுக்கைத் தலையும் தடித்த கண்ணாடியுமாய், ஐந்தடி உயரத்துக்கு ஒரு மனிதர். கோர்ட் அமீனா.

டெஸ்பினா மேடையின் விளிம்பில் வந்து நின்றாள். இருபது மீட்டர் தண்ணீர். அவள் அண்ணனைப் பார்க்கவில்லை, கப்பலைப் பார்த்தாள்.

அமீனா மூச்சு வாங்கிக்கொண்டே பையைத் திறந்தார். ஒரே ஒரு தாளை எடுத்தார். கீழே நீல நிறத்தில் ஒரு வட்ட முத்திரை. அதை இரண்டு கையாலும் காற்றில் பறக்காமல் பிடித்து, தலைக்கு மேலே தூக்கி, கப்பலைப் பார்த்துக் காட்டினார்.

"அய்யா, அங்கருந்து அவங்களுக்கு எழுத்து தெரியாதுங்க" என்றான் ஜாஃபர்.

"தெரியணும்னு இல்ல தம்பி" என்றார் அமீனா. "காட்டினேன்னு இருக்கணும்."

அப்போது ரேடியோ பேசியது. மித்ரோஃபான் இல்லை, துறைமுகத் தலைமை நிலையத்தின் குரல், வாயில் கடைசிக் கவளம் இருக்கும் குரல். "ஆஸ்ட்ரா கொர்வினா, பைலட்டுக்கு. நீதிமன்ற உத்தரவு. கப்பல் புறப்பட அனுமதி ரத்து. மறுபடி மேடைக்குத் திரும்புங்க."

இழுவைப்படகுகளின் புகை நிமிர்ந்தது. பிறகு, படகுகளின் வாலில் கொதித்துக்கொண்டிருந்த நுரை அடங்கி, மறுபக்கம் கொதிக்கத் தொடங்கியது.

கப்பல் திரும்பி வந்தது.

முப்பது வருஷத்தில் தனாசே பார்க்காத காட்சி. எத்தனை புயலுக்கு, எத்தனை அதிபர்களுக்கு, எத்தனை வேலை நிறுத்தத்துக்கு நிற்காமல் போன கப்பல்களை அவன் பார்த்திருக்கிறான். இப்போது நூற்றுத் தொண்ணூறு மீட்டர் இரும்பு, முப்பதாயிரம் டன் சோளத்தோடு, பக்கவாட்டில் மெல்ல மெல்ல, அடக்கமாக, ஐந்தடி மனிதர் ஒருவர் பிடித்திருந்த தாளை நோக்கி வந்தது. ஒரு காலின் பெயரால் வந்தது. டெஸ்பினா சிலுவைக்குறி போட்டாள். ஜாஃபர் தொப்பியைக் கழற்றிவிட்டு, எதற்குக் கழற்றினோம் என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"லாம்பேக்குப் போன் போடு" என்றான் தனாசே. "பேச வேணாம். சத்தத்தைக் கேக்கட்டும்."

அவள் போட்டாள். போனைக் கப்பலைப் பார்த்து நீட்டினாள். அந்தப் பக்கம் அவன் என்ன கேட்டானோ, ஒன்றே ஒன்று சொன்னான். "அந்த இடது வின்ச்சு இன்னும் அப்படியேதான் கத்துது."

கப்பலின் பின்தளத்திலிருந்து எறிகயிறு பறந்து வந்தது. வடத்தை இழுத்துக் கரைக்கு வாங்க முதலில் வீசும் மெல்லிய கயிறு. நுனியில் கனத்துக்கு ஒரு முடிச்சு இருக்கும். எறிந்தவன் ஒல்லியான பிலிப்பைன்ஸ்காரன். எறிந்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனாசேவையே பார்த்தான். தலையை ஒரே ஒரு தடவை கீழ்நோக்கி அசைத்தான்.

முடிச்சுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பை கட்டியிருந்தது.

தனாசே யாருக்கும் தெரியாமல் அதை அவிழ்த்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். வடங்களை வாங்கினான். ஐந்தையும் மாட்டினான். ஏணி இறங்கியது. அமீனா பையை அணைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினார். கொஞ்ச நேரத்தில் மேலே, கேப்டன் நிற்கும் கண்ணாடி அறையின் ஜன்னலில், வெள்ளையாகச் சின்னதாக ஒன்று ஒட்டிக்கொண்டது. கீழேயிருந்து பார்த்தால் ஒரு தபால்தலை அளவுதான். புகைபோக்கியில் புகை மெலிந்து, நின்றது.

"முடிஞ்சுதா?" என்றாள் டெஸ்பினா.

"தொடங்கியிருக்கு" என்றாள் மினோடோரா. செருப்பைப் போட்டுக்கொள்ள அவளுக்கு இன்னும் ஞாபகம் வரவில்லை. "இனிமே அவங்க நமக்குப் பதில் எழுதுவாங்க."

தனாசே பையை எடுத்து அவர்கள் முன்னால் பிரித்தான். உள்ளே ஒரு பள்ளிக்கூட நோட்டு. ஓரமெல்லாம் எண்ணெய். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி. அதற்குக் கீழே பேர்கள், பத்தொன்பது பேர். பேருக்கு எதிரே ஒரு எண். பதினாறு. பதினெட்டு. பதினாலு. அச்சடித்த கட்டங்கள் இல்லை. வெவ்வேறு பேனா, வெவ்வேறு கை, ஒரே கவனம். உண்மையில் எத்தனை மணி நேரம் நின்றார்கள் என்று, ஒரு நாள் விடாமல், இரண்டு வருஷமாக எழுதி ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

டெஸ்பினா மார்ச் பதினொன்றைத் தேடி எடுத்தாள். லாம்பே, இருபத்தொன்று. எண்ணுக்குப் பக்கத்தில் சிறியதாக ஒரு சிலுவை, அடிபட்டதற்கு அடையாளம்.

மினோடோரா இரும்புக் குற்றியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "கடவுளே. இவங்க யாருக்காக எழுதினாங்க?"

"யாராவது ஒருத்தர் கேப்பாங்கன்னு" என்றான் ஜாஃபர். இந்த முறை அவன் குரலில் நக்கல் இல்லை.

டெஸ்பினா பக்கங்களைப் புரட்டினாள். ஜூனில் ஒரு சிலுவை, ரொசென்டோ என்ற பேருக்கு எதிரே. ஆகஸ்டில் ஒன்று. கடைசிப் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

"அண்ணே, இது இன்னிக்குத் தேதி."

பத்தொன்பது பேர்களில் ஒரே ஒரு பேருக்கு எதிரேதான் இன்று எழுதியிருந்தது. டனிலோ. மணி நேரம் எதுவும் இல்லை. சிலுவை மட்டும். மை காயாமல் விரல் பட்டு இழுபட்டிருந்தது.

தனாசே நிமிர்ந்தான். எறிகயிறு வீசியவன் நின்ற இடத்தில் யாரும் இல்லை. அமீனா தரைக்கு வந்து கைக்குட்டையால் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால், துணைக் கேப்டன் அவசரமாகக் கையைக் காட்ட, ஏணியை மறுபடி மேலே தூக்க ஆரம்பித்தார்கள்.

"அய்யா, மேலே யாராவது அடிபட்டுக் கெடந்தாங்களா?"

"எனக்குக் கேப்டன் அறையை மட்டுந்தான் காட்டினாங்க தம்பி. மத்த கதவெல்லாம் மூடியிருந்துது."

தனாசே முப்பது வருஷம் இந்தத் துறைமுகத்தில் நின்றிருக்கிறான். ஆயிரக்கணக்கான கப்பல்களைக் கட்டியிருக்கிறான், அவிழ்த்திருக்கிறான். அவன் வேலை மேடையோடு முடிந்துவிடும். ஒரு கப்பலிலும் அவன் ஏறியதில்லை.

ஏணியின் கடைசிப் படி தரையை விட்டு ஒரு முழம் எழும்பியிருந்தது. அவன் ஓடிப்போய் அதன்மேல் காலை வைத்தான்.